நோட்டில் நான் எழுதாமல் விட்ட பக்கம்

உன் பதினாறாம் நாள் பகலில் நம் கூடத்தில் இருந்தவர்கள் இவர்கள்: காவிரிக்கரை அம்மா மண்டபத்தில் காரியத்தை முடித்துவிட்டு ஈர வேட்டியோடு வந்த உன் அண்ணன். அடுப்படிக்கும் கூடத்துக்குமாக நடந்துகொண்டிருந்த நான். உன் கம்பெனியிலிருந்து இரண்டு பேர், மேனேஜரும் பெரிய மெஷினில் உன்னோடு நின்ற ரஹீமும். உறவுக்காரர்கள் முதல் பந்தியிலேயே சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். ஆக நாலு பேர், சுவரில் நீ. நான் அப்படிச் சொல்லவே இல்லை என்று நாளைக்கு யாராவது பேச்சை மாற்றினால் சாட்சி வேண்டும். அதனால்தான் இதை முதலில் எழுதி வைக்கிறேன்.

ரஹீம் ஒரு பையைக் கொடுத்தார். உன் லாக்கரில் இருந்தவையாம். டிபன் டப்பா, மூக்குக் கண்ணாடி, நீலக் கோட்டு. கோட்டை எடுத்து உதறினேன். கூலண்ட் வாசனை கூடம் முழுக்க எழுந்தது. பத்து வருஷமாகச் சாயங்காலம் உனக்கு முன்னால் படியேறி வந்த வாசனை. முதல் நாள் நான் மூக்கைச் சுளித்தபோது, "மெஷினுக்கு ஊத்தற தண்ணிதான் அண்ணி, மோர் மாதிரி இருக்கும். இது இல்லைன்னா கத்தி கருகிடும்" என்று சிரித்தாய். பதினாறு நாளாக அழாமல் இருந்தவள் அந்தக் கோட்டை மூஞ்சியில் வைத்துக்கொண்டு அழுதேன்.

மேனேஜர் பாயசம் இரண்டு முறை வாங்கிக் குடித்தார். அதைக் குறை சொல்லவில்லை. கை கழுவிவிட்டு வந்து உன் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து, "ரொம்பத் திறமைசாலிங்க உங்க தங்கச்சி. அந்த ஒரு ஜாப்பை வீணாக்கினதைத் தவிர, கை வச்சதெல்லாம் சுத்தமா இருக்கும்" என்றார். போட்டோவுக்குப் போட்ட மாலை வாடவில்லை, அதற்குள் இது. பிறகு வந்த விஷயத்துக்கு வந்தார். நீ வீட்டில் ஒரு நோட்டு வைத்திருந்தாயாம், எந்த ஜாப், மெஷினில் ஏற்றுகிற பாளத்தை அப்படித்தான் சொல்வீர்கள், எவ்வளவு நேரம் கிடந்தது, எவ்வளவு வளைந்தது என்று அதில் இருக்கிறதாம், அது கம்பெனிக்குச் சேர வேண்டிய விவரமாம்.

நீ வைத்திருந்த நோட்டாம். அது என் நோட்டு இல்லையா? எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். பாசுரப் புத்தகத்தில் விரல் வைத்துப் படித்துப் படித்து என் தமிழைத் திருத்திக்கொண்டேன். தசமப் புள்ளி உன்னிடம் கற்றது. சாயங்காலம் விளக்கேற்றிய பிறகு நீ காலை நீட்டி உட்கார்ந்து எண்களைச் சொல்லுவாய், நான் எழுதுவேன். "உங்க கையெழுத்துதான் அண்ணி எனக்கே புரியுது" என்பாய். ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும், பிள்ளையார் சுழி போடுகிற இடத்தில், 'ரங்கா' என்று எழுதிவிட்டுத்தான் உன் கணக்கைத் தொடங்குவேன். ரஹீம் சொல்லித்தான் மேனேஜருக்கு அந்த நோட்டைத் தெரியும். கம்பெனியிலிருந்து நீ போன் செய்து, போன மாசத்து ஜாப் எவ்வளவு வளைந்தது என்று என்னிடம் கேட்பதை ரஹீம்தான் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறார்.

அலுமினியம் ஏன் வளைய வேண்டும் என்று உன்னிடம் நான் கேட்ட நாள் நினைவிருக்கிறதா? மாடியில் அப்பளம் காய்ந்துகொண்டிருந்தது. நம் வாசல் கதவைவிடப் பெரிய பாளத்தை மெஷினில் ஏற்றி, பத்தில் ஒன்பது பங்கைச் சுருள் சுருளாகச் சீவி எடுத்துவிட்டு, விமானத்தின் வயிற்றுக்குள் நிற்கிற ஒரு சட்டத்தை மிச்சம் வைக்கிறோம் என்றாய். பாளத்துக்குள் இழுவிசை பூட்டிக் கிடக்கும், ஒரு பக்கமே சீவினால் அது ஒரு பக்கமாக இழுக்கும் என்றாய். அப்பளத்தைப் புரட்டிக்கொண்டே நான், "அப்ப நடுநடுவுல திருப்பிப் போட வேண்டியதுதானே. கொஞ்ச நேரம் சும்மா விட வேண்டியதுதானே" என்றேன். நீ அப்படியே என்னைப் பார்த்தாய். "இதைத்தான் அண்ணி எங்க மேனேஜருக்கு ஒரு வருஷமா சொல்லிட்டிருக்கேன்."

ஆயுத பூஜைக்கு வீட்டு ஆட்களை உள்ளே விடுவார்கள் என்று துவாக்குடியில் உன் கம்பெனிக்கு என்னைக் கூட்டிப்போனாய். அந்த மெஷின் கொட்டகை மாதிரி இருந்தது. உள்ளே ஆள் நடக்கலாம். சந்தனம் வைக்க எனக்குக் கை எட்டவில்லை, நீ ஸ்டூல் கொண்டுவந்தாய். மேடையில் ஒரு சட்டம் பாதி வேலையில் கிடந்தது. சுற்றிலும் இருந்த இரும்புப் பிடிகள், கிளாம்ப் என்பாயே, எல்லாவற்றையும் தளர்த்திவிட்டிருந்தாய். ஒரு பகல் ஒரு இரவு அப்படிக் கிடக்கட்டும், எப்படி வளைய வேண்டுமோ வளையட்டும், பிறகு அளந்து அடியைச் சமமாகச் சீவி மெல்லப் பிடித்துக்கொள்ளலாம், அப்புறம்தான் கடைசி வேலை என்றாய். அப்போது மேனேஜர் தட்டில் சுண்டலோடு வந்து, "உங்க வீட்டுப் பொண்ணு அலுமினியத்துக்குத் தாலாட்டுப் பாடுதுங்க. நாங்க மெஷினை நிறுத்திட்டுக் கேட்டுட்டிருக்கோம்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு விவரம் தெரியாததால் நானும் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. திரும்பும்போது பஸ்ஸில் சொன்னாய்: "இழுத்துப் பிடிச்சா அப்போதைக்கு நேராத்தான் நிக்கும். அவுத்து விட்டாத்தான் அண்ணி உண்மை தெரியும்."

அதனால்தான், நீ ஒரு ஜாப்பை வீணாக்கினாய் என்று மேனேஜர் சொன்னதும் எனக்கு உடம்பெல்லாம் பற்றியது. எந்த ஜாப் என்று கேட்டேன். உன் அண்ணன் கண்ணால் அடக்கினார். நான் அடங்கவில்லை. மேனேஜர் போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினார். இரண்டு வருஷத்துக்கு முந்திய கம்பெனித் தாள். கிளாம்ப்பைத் தளர்த்திக் கிடக்கவிட்டது போதும், கடைசி வேலையைத் தொடங்கலாம் என்று எழுதி, கீழே உன் கையெழுத்து. தேதி, காலை பத்து இருபது. "அவங்களே முடிவு பண்ணிப் போட்ட கையெழுத்துங்க. மறுநாள் அவுத்தா ஜாப் வில்லு மாதிரி எழுந்துடுச்சு. ரிப்போர்ட்லயும் அப்படித்தான் இருக்கு" என்றார். ரஹீம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர்கள் போனதும் நோட்டை எடுத்துவந்தேன். அந்தத் தேதிக்கு முந்தின நாள் பக்கத்தில் என் கையெழுத்தில் இருக்கிறது: முதல் சீவல் பாக்கி, நாளைக் காலை ஒன்பதுக்கு மேல் முடியும். ஒன்பதுக்கு மேல் முடிந்ததைப் பத்து இருபதுக்குப் போதும் என்று நீ எழுதுவாயா? அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். தலையில் ரங்கா மட்டும் இருந்தது, கீழே ஒன்றுமில்லை. நோட்டு முழுவதிலும் தலைப்போடு வெறுமையாக நிற்கிற பக்கம் அது ஒன்றுதான். முந்தின நாளே தலைப்பை எழுதி வைத்திருக்கிறேன். மறுநாள் எழுத நான் வீட்டில் இல்லை. தில்லைநகர் ஆஸ்பத்திரியில் எனக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன்.

பதினொன்றரைக்கு என்னை உள்ளே கொண்டுபோக வேண்டும். உன் அண்ணன் மருந்துக் கடையில் நின்றார். எனக்குப் பயமாக இருந்தது. பதினொன்று அடிக்கிற நேரத்தில் நீ இந்த நீலக் கோட்டோடு ஓடிவந்தாய். தாயார் சன்னிதி மஞ்சள் காப்பைக் காகிதத்தில் மடித்து வைத்திருந்தாய். அதை என் நெற்றியில் இட்டபோது உன் விரலில் இதே வாசனை. வேலை இருக்குமே, எப்படி விட்டார்கள் என்று கேட்டேன். "கேட்ட உடனே விட்டுட்டாரு அண்ணி, நல்ல மனுஷன்" என்றாய்.

நல்ல மனுஷன்! அந்த வார்த்தையை நம்பி ஒரு வருஷம் சன்னிதியில் அந்த ஆளுக்கும் சேர்த்து வேண்டிக்கொண்டேனே. அதைத் திருப்பி வாங்கிக்கொள்ள வழியிருந்தால் இன்றைக்கே வாங்கிக்கொள்வேன்.

ரஹீமுக்கு போன் செய்தேன். முதலில் மழுப்பினார். நோட்டில் இருப்பதைப் படித்துக் காட்டியதும் சொல்லிவிட்டார். மறுநாள் லாரியில் ஏற்ற வேண்டிய ஜாப் அது. ஒரு பகல் ஒரு இரவு கிடக்காமல் கடைசி வேலை கூடாது என்று நீ சொல்லியிருக்கிறாய். ஒரு வாரம் முன்பே நீ சொல்லி வைத்திருந்த லீவையும் அந்த நேரத்தில்தான் கேட்டிருக்கிறாய். "கையெழுத்துப் போட்டுட்டுப் போம்மா, போடலைன்னா இங்கேயே இரு, ரெண்டுல ஒண்ணுன்னு மேனேஜர் சொன்னாருங்க அண்ணி. அக்கா கடிகாரத்தைப் பார்த்தாங்க. போட்டுட்டாங்க. என் வண்டியிலதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டாந்து விட்டேன்" என்றார்.

அதற்கப்புறம்தான் உன்னைப் பெரிய மெஷினிலிருந்து எடுத்து, சின்னச் சின்னத் துண்டு செய்கிற பக்கம் போட்டார்கள். வீட்டில் அதை நீயே கேட்டு வாங்கிக்கொண்டதாகச் சொன்னாய். நீ சாயங்காலம் எண் சொல்வதை நிறுத்தினாய். நான் நோட்டும் பேனாவுமாக வந்து உட்காருவேன், "இன்னைக்கு ஒண்ணும் இல்லை அண்ணி" என்பாய். என்ன மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்கிறாய், ஆபரேஷன் ஆனவள் நானா நீயா என்று ஒருநாள் கத்தினேன். நீ எழுந்துபோய் என் வெந்நீரை எடுத்துவந்து வைத்தாய்.

அந்த மேனேஜர் மேல் வருகிற கோபத்தில் பாதி உன் மேலும் வருகிறது, தெரிந்துகொள். யாரைக் கேட்டுப் போட்டாய்? உன்னை வரச் சொல்லி நான் கேட்டேனா? டாக்டர் இருந்தார், நர்ஸ் இருந்தார், உன் அண்ணன் இருந்தார். மெத்தப் படித்தவள், மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தப்பினால் சோறு இறங்காதவள், என் நெற்றியில் மஞ்சள் காப்பு இடுவதற்காகப் பொய்த் தாளில் கையெழுத்துப் போட்டாய். போட்டதைச் சொல்லியிருந்தால் அந்தக் கட்டிலோடு எழுந்துவந்து அந்த ஆளைக் கேட்டிருப்பேன். மூன்று நாள் காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டாய். இப்போது நான் யாரோடு சண்டை போடுவது?

விஷயம் இதோடு நிற்கவில்லை. நீ அங்கிருந்து நகர்ந்த பிறகு அதே மெஷினில் இன்னும் இரண்டு சட்டங்கள் வளைந்து எழும்பிவிட்டனவாம். விமானக் கம்பெனிக்காரர்கள் நேரில் வந்து பார்க்கப் போகிறார்களாம். அவர்களுக்குச் சரியான கணக்கைக் காட்டத்தான் நோட்டு. நோட்டு கிடைக்காவிட்டால் அடுத்த தாளில் உன்னைப் போலவே ரஹீம் கையெழுத்துப் போட வேண்டும் என்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறார்கள். அதையும் ரஹீமே சொன்னார், கேட்டதற்குத்தான் சொன்னார். உன்னைக் கொண்டுவந்து விட்ட மனிதர். அவரை மாட்டவிட்டு நோட்டைப் பெட்டியில் பூட்டிவைக்க என்னால் முடியாது.

உன் அண்ணன், "குடுத்துட்டு விடேன். போனவளுக்கு இனிமே ரிப்போர்ட் எப்படி இருந்தா என்ன?" என்கிறார். ஆஸ்பத்திரிக்கு வருவதற்காகத்தான் நீ கையெழுத்துப் போட்டாய் என்பதை அவருக்கு நான் இன்னும் சொல்லவில்லை. மேனேஜர் நேற்று அவருக்கு போன் செய்து, பக்கத்துக்குப் பக்கம் மேலே ரங்கா என்று இருக்கிறதாமே, அதை மறைத்துவிட்டுப் படம் எடுத்துக்கொள்கிறோம், வெளிநாட்டுக்காரர்கள் பார்ப்பார்கள் என்றாராம். ரங்கனையும் மறைக்க வேண்டுமாம்!

நாலு நாளாக உட்கார்ந்து நோட்டு முழுவதையும் வேறொரு நோட்டில் பார்த்து எழுதிவிட்டேன். ஒரு புள்ளி மாறவில்லை. மூலம் என்னிடம்தான் இருக்கும். அந்த வெற்றுப் பக்கத்தை மட்டும் இன்று நிரப்பினேன். முதல் சீவல் முடிந்த நேரம், கையெழுத்து கேட்டவர், கேட்ட வார்த்தை, நீ போட்ட நேரம், ஆஸ்பத்திரிக்கு வந்த நேரம், உடன் வந்தவர். உடன் வந்தவர் பெயரைப் போடலாமா என்று கேட்டதற்கு, போடுங்கள் என்று ரஹீம் சொல்லிவிட்டார். கோபத்தை எழுதவில்லை, நேரத்தை மட்டும் எழுதினேன். அந்தப் பக்கத்தையும் சேர்த்து ரிப்போர்ட்டில் வைக்கிறேன் என்று மேனேஜர் எழுத்தில் கொடுத்தால்தான் நகலைக் கொடுப்பேன்.

ஒன்றுதான் என்னைத் தடுக்கிறது. அந்தப் பக்கத்தை வைத்தால் தெரிந்தே தப்பான தாளில் நீ கையெழுத்துப் போட்டதும் ஊருக்குத் தெரியும். இரண்டு வருஷம் என்னிடம்கூட நீ சொல்லாத விஷயம். இழுத்துப் பிடித்து நேராகக் காட்டியிருந்ததை நான் அவிழ்த்துவிடப் போகிறேன். உன் கோட்டை இன்னும் தோய்க்கவில்லை, பூஜை அறையான பெருமாள் உள்ளுக்கு வெளியே ஆணியில் மாட்டியிருக்கிறேன். விளக்கேற்றிவிட்டு வரும்போதெல்லாம் பேனாவை எடுக்கக் கை போகிறது.

சன்னிதியில் பூக்கட்டிப் போட்டு உத்தரவு கேட்கச் சொல்கிறாள் பக்கத்து வீட்டுக்காரி. உனக்கும் எனக்கும் நடுவில் இருக்கிற விஷயத்துக்குப் பெருமாளை ஏன் இழுக்க வேண்டும்? உன்னையே கேட்கிறேன். அந்தப் பக்கத்தைக் கொடுக்கட்டுமா, வேண்டாமா? வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு மேனேஜர் வருகிறார். அதற்கு முன்னால் எனக்குப் பதில் சொல்லிவிடு.