மீன் லாரி வராத மாதம்

பல்காஷ் ஏரிக்கரை,
நவம்பர் கடைசி, வெள்ளிக்கிழமை.

அன்புள்ள ஜனாரின் அப்பாவுக்கு,

குல்யாஷ் எழுதிக்கொள்வது. நானும் மகளும் சுகம். அங்கே எண்ணெய் வயலில் காற்று ஊசியாகக் குத்துகிறது என்று ரைகான் அக்காவின் மருமகன் சொன்னார். நான் பின்னிக் கொடுத்த கம்பளிச் சட்டையைப் பெட்டியிலேயே பூட்டி வைக்காமல் போட்டுக்கொள்ளுங்கள். இந்தக் கடிதத்தை அவர் கையில்தான் கொடுத்தனுப்புகிறேன். தனியாக இருக்கும்போது படியுங்கள்.

போனில் சொன்னால் என்ன என்று கேட்பீர்கள். போன ஞாயிற்றுக்கிழமை என் தம்பி மக்சூத்தின் பெயரை எடுத்ததுமே போனை வைத்துவிட்டீர்கள். கடிதத்தை அப்படிப் பாதியில் நிறுத்த மாட்டீர்கள் என்று ஒரு நம்பிக்கை. அதோடு, இப்போது இங்கே யாரும் போனில் மனசு விட்டுப் பேசுவதில்லை. குளிர் எப்படி, ஆடு குட்டி போட்டதா என்பதோடு சரி.

அக்டோபரில் வாக்கெடுப்பு முடிந்து, ஏரிக்கரையில் அணுமின் நிலையம் கட்டலாம் என்று நாடே சொல்லிவிட்டதாக அறிவித்தபோது, ஊர்த் தலைவர் பள்ளிக்கூட வாசலில் பாட்டுப் போட்டார். அன்றைக்கு ஆடியவர்கள் எல்லாம் இப்போது ஜன்னல் வழியாக ஏரியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். கட்டப்போவது ரஷ்யர்களா, சீனர்களா? எப்போது? நம் ஆட்களுக்கு வேலை உண்டா, இல்லை கூலியையும் வெளியிலிருந்தே கூட்டி வருவார்களா? கேட்டால், "மேலே பேசிட்டிருக்காங்க" என்பதுதான் பதில்.

அல்மாட்டி நகரத்திலிருந்து தோல் கோட்டுப் போட்ட ஒருவர் வந்து வீடு வீடாகக் கதவைத் தட்டினார். ரைகான் அக்கா பயத்தில் கிடைத்த விலைக்குத் தன் வீட்டைக் கொடுத்துவிட்டாள். அடுத்த வாரமே விலை ஏறியது. "என் வாய்ல மண்ணு" என்று படிக்கட்டிலேயே உட்கார்ந்து அழுதாள். அப்புறம் நிலையம் வேறு கரைக்குப் போகிறதாம் என்று ஒரு வதந்தி. விலை மறுபடி விழுந்தது. இப்போது, "நான்தான் புத்திசாலி" என்கிறாள். நம் டெங்கே பணத்தின் மதிப்பும் நாளுக்கு நாள் இறங்குகிறது. கடைக்கார ஓல்கா விலைகளைப் பென்சிலால்தான் எழுதி ஒட்டுகிறாள். "அழிக்கச் சுலபம்" என்று சிரிக்கிறாள். வாங்க வந்தவர்கள் சிரிப்பதில்லை.

இனி மக்சூத் விஷயம். கோபப்படாமல் படியுங்கள்.

வாக்கெடுப்புக்கு முன் பள்ளிக்கூடத்தில் நடந்த கூட்டத்தில் அவன் பேசியதை, பிறர் சொல்லித்தான் நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். நான் அங்கே இருந்தேன். அவன் யாரையும் திட்டவில்லை. "எங்க அம்மா செமெய்ப் பக்கத்துக்காரி. அங்க அணுகுண்டு வெடிச்சுச் சோதிக்கும்போது பள்ளத்துல குப்புறப் படுங்கன்னு சிப்பாய்ங்க சொன்னாங்களாம். ஒண்ணும் ஆகாதுன்னும் சொன்னாங்களாம். அதே வார்த்தையை இன்னிக்கும் சொல்றீங்க. தண்ணி சூடாகும், மீன் செத்துப்போகும், அப்ப யாரைக் கேக்கறது?" என்றான். அவ்வளவுதான். அம்மா கழுத்துக் கட்டியோடு போனபோது உறைந்த மண்ணில் அவனோடு சேர்ந்து குழி வெட்டியவர் நீங்கள். அவன் எங்கிருந்து பேசினான் என்று உங்களுக்குத் தெரியாதா?

அந்தப் பேச்சை யாரோ படமெடுத்துப் பரப்பினார்கள். போலீஸ்காரர்கள் அவனைப் பிடித்துக்கொண்டு போய், வாக்கெடுப்பு முடிந்த பிறகுதான் விட்டார்கள். "உன் தம்பி நம்ம வாசப்படியை மிதிக்கக் கூடாது" என்று நீங்கள் சொன்னது அப்போதுதான். நானும் அவனிடம் சொல்லி அனுப்பினேன். அவனும் வரவில்லை. ஆனால் ஒரு காலையில் அவன் வலைகளை எல்லாம் யாரோ கத்தியால் கிழித்துப் படகுக்குள் போட்டிருந்தார்கள். அதைத் தோளில் தூக்கிக்கொண்டு நேராக நம் வாசலுக்கு வந்து, உள்ளே வராமல் நின்றான். நான்தான் கையைப் பிடித்து உள்ளே இழுத்தேன். அன்றிலிருந்து சமையலறை பெஞ்சில் படுத்திருந்தான். பகலில் ஏரி, சாயங்காலம் வலை முடைவது, ஜனாருக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பது.

அதற்குள் மீன் லாரி வருவது நின்றுபோனது. லாரிக்காரர் கென்னாடிக்குப் போன் போட்டால், "நகரத்துல உங்க மீனை வாங்க மாட்டேங்கறாங்க. அணு மீன்னு சொல்றாங்க" என்றாராம். ஒரு செங்கல்கூட வைக்கவில்லை, அதற்குள் அணு மீன்! நெடுஞ்சாலை ஓரத்தில் புகையிட்ட மீன் விற்கும் பெண்களைப் பார்த்ததும் கார்கள் வேகம் எடுக்கின்றன. 'ஆம்' போட்டவன் வீட்டிலும் மீன் அழுகியது, 'இல்லை' போட்டவன் வீட்டிலும் அழுகியது. பழி மட்டும் ஒருத்தன் தலையில் விழுந்தது.

ஒரு சாயங்காலம் ஒரின்பாய் அண்ணன் ஒரு கூட்டத்தோடு வந்துவிட்டார். உங்களோடு ஒரே பெஞ்சில் படித்தவர், நம் கல்யாணத்தில் ஆடு அறுத்தவர்.

"குல்யாஷ், தம்பியை வெளிய அனுப்பு. அடிக்க வரல, பேசத்தான் வந்தோம்" என்றார்.

"பேச வந்தவங்க கையில துடுப்பு எதுக்கு அண்ணே?" என்றேன்.

மக்சூத் தேநீர்க் கிண்ணத்தோடு வெளியே வந்தான். "உன் வாயால எங்க அடுப்பு அணைஞ்சுபோச்சு. நிலையம் வர்றதுக்கு முன்னாடியே மீனைக் கொன்னுட்டியேடா!" என்று கத்தினார் ஒரின்பாய்.

"செத்துப்போகும்னு சொன்னேன் அண்ணே. செத்துப்போச்சுன்னு சொல்லல" என்றான் இவன்.

மீன் நல்ல மீன் என்று இன்னொரு முறை பேசிப் படமெடுத்துப் போடச் சொன்னார்கள். உடனே சரி என்றான். அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் ஊர்த் தலைவரின் குமாஸ்தா ஒரு தாளை நீட்டினான். யாரோ தூண்டிவிட்டு அறியாமல் பேசிவிட்டேன், மன்னிக்க வேண்டும் என்று அதில் இருந்தது. மக்சூத் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான்.

"மீனுக்காகப் பேசறேன். இதைப் பேச மாட்டேன்."

"திமிரைப் பாரு! ஓட்டு முடிஞ்சுபோச்சுடா. நீ தோத்துட்டே!"

"தோத்ததை ஒத்துக்கறேன். தப்புன்னு ஒத்துக்க மாட்டேன்."

ஒரின்பாய் அவன் சட்டையைப் பிடித்தார். கிண்ணம் விழுந்து உடைந்தது. பின்னால் நின்றவர்கள் முன்னால் நெருங்கினார்கள். ஜனார் அலறினாள். எனக்குள் என்ன புகுந்ததோ தெரியவில்லை. உள்ளே ஓடி, அன்று காலையில் அவன் பிடித்த கெண்டையையும் வாணலியையும் எடுத்து வந்து, வாசலில் இருக்கும் இரும்பு அடுப்பில் வைத்தேன். "ஒரின்பாய் அண்ணே, சட்டையை விட்டுட்டு போனை எடுங்க. படம் பிடிங்க" என்றேன். என் குரலா அது என்று எனக்கே தெரியவில்லை.

மீன் பொரியப் பொரியப் பேசினேன். "என் பேரு குல்யாஷ். என் வீட்டுக்காரரு நிலையம் வேணும்னு ஓட்டுப் போட்டவரு. என் தம்பி வேணாம்னு போட்டவன். ரெண்டு பேரும் சாப்பிடறது இந்த ஏரி மீனைத்தான். என் மகளும் இதைத்தான் தின்னு வளர்றா." முதல் துண்டை ஜனாருக்குக் கொடுத்தேன். மக்சூத் முள்ளை மட்டும் விட்டு வைத்துத் தின்றான். தட்டை ஒரின்பாயிடம் நீட்டினேன்.  அவர் ஒரு துண்டை எடுத்து மென்று, "உப்பு கம்மி" என்றார். யாரோ சிரித்தார்கள். துடுப்புகள் கீழே இறங்கின.

அந்தப் படம் நகரம் வரைக்கும் பரவியது; லாரி மறுபடி வந்துவிட்டது. விலை பழைய விலையில் பாதிதான். இருந்தாலும் வந்தது. ஓல்கா கடையில் பெண்கள் என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள்.

ஆனால் அந்தக் குமாஸ்தாவும் அன்று படம் பிடித்திருக்கிறான். "தப்புன்னு ஒத்துக்க மாட்டேன்" என்ற வரியை மட்டும் வெட்டி எடுத்து எங்கேயோ அனுப்பியிருக்கிறான். திங்கட்கிழமை போலீஸ் மறுபடி வந்து மக்சூத்தைக் கூட்டிக்கொண்டு போனார்கள். இன்னும் வரவில்லை. நான் பேருந்து பிடித்துப் போலீஸ் நிலையத்துக்குப் போனேன். அவனைக் காட்டவில்லை. அங்கிருந்த அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். "பழைய வழக்கைத் திறக்கறதா மூடறதான்னு யோசிக்கறோம்மா. ஊர்ல மதிப்பான ஆம்பளை ஒருத்தர், நம்ம பக்கம் நின்னவரா பாத்து, இவனுக்கு நான் பொறுப்புன்னு நேர்ல வந்து சொன்னா விட்டுடலாம்" என்றார்.

ஒரின்பாயிடம் போனேன். தரையைப் பார்த்துக்கொண்டே, "ரெண்டு பசங்களுக்கும் நிலையத்துல வேலை கேட்டு எழுதிப் போட்டிருக்கேன் குல்யாஷ்" என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மற்ற வீடுகளில் கதவே திறக்கவில்லை.

எதைக் கேட்கிறேன் என்று தெரிந்துதான் கேட்கிறேன். இத்தனை வருடமாகப் பாலைவனத்தில் வெல்டிங் வேலை பார்த்து, மகள் வளர்வதைப் போட்டோவில் பார்த்தவர் நீங்கள். ஊரிலேயே ஒரு வேலை கிடைக்காதா என்ற ஒரே ஆசையில்தான் 'ஆம்' போட்டீர்கள். அது தப்பென்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. இவனுக்காக வந்து நின்றால், நாளைக்கு ஆள் எடுக்கும்போது உங்கள் பெயரை ஓரம் கட்டினாலும் கட்டுவார்கள். அப்படி ஆனால் நீங்கள் திரும்பவும் அங்கேயே கிடக்க வேண்டியிருக்கும். நானும் இங்கேயே காத்துக் கிடக்க வேண்டியிருக்கும். அதையும் நினைத்துப் பார்த்துவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன்.

லீவு கேட்டு வாருங்கள். அவனோடு சமாதானம் ஆக வேண்டாம். அவன் சொன்னது சரி என்றும் சொல்ல வேண்டாம். அந்த அதிகாரியின் முன்னால் உட்கார்ந்து, நீங்கள் எந்தப் பக்கம் ஓட்டுப் போட்டீர்கள் என்பதை முதலில் சொல்லுங்கள். சத்தமாகவே சொல்லுங்கள். அதற்குப் பிறகு, இவன் என் மச்சான் என்று சொல்லுங்கள்.

கடவுள் உங்களை வழியில் பத்திரமாகக் கொண்டு வந்து சேர்க்கட்டும்.

உங்கள்,
குல்யாஷ்.