அவர் காதில் விழாத வாரங்கள்

அன்புள்ள சின்னவனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நாங்கள் இருவரும் சௌக்கியம்தான், அப்பாவின் முட்டிவலி மட்டும் படியேறும்போது தலைகாட்டுகிறது. நீயும் மருமகளும் குழந்தையும் நோய்நொடி இல்லாமல் இருந்தால் அதுவே எங்களுக்குப் போதும். குழந்தைக்குச் சளி விட்டதா? குளிரில் தலையை மூடாமல் வெளியே கூட்டிப்போகாதே. இதையெல்லாம் போனிலேயே கேட்டிருக்கலாம், ஆனால் சொல்ல வந்ததைச் சொல்வதற்குள் பேச்சு வேறெங்கோ போய்விடும், அதனால்தான் கடிதம்.

பத்தொன்பது வருஷம் ரேடியோவில் நடத்திய என் ஞாயிற்றுக்கிழமைப் பாட்டு நிகழ்ச்சியை இணையத்துக்கு மாற்றியது உனக்குத் தெரியும். “இனிமே உலகத்துல எந்த மூலைல இருந்தாலும் கேக்கலாம்மா” என்று நிலைய மேலாளர் சொன்னபோது எனக்கும் சந்தோஷம்தான், உன் நினைப்புதான் முதலில் வந்தது. இப்போது உன் பழைய அறைதான் ஸ்டுடியோ. சன்னலில் போர்வையைத் தொங்கவிட்டு, மின்விசிறியை நிறுத்தி, வேர்த்து வழியப் பேசுகிறேன். “ஞாயித்துக்கிழமையானா தும்மறதுக்குக்கூட உன்கிட்ட பர்மிஷன் வாங்கணும்போல” என்று அப்பா முணுமுணுத்துக்கொண்டு வெளியே போய்விடுவார்.

எந்த மூலை என்று சொன்னவருக்கும் கேட்ட எனக்கும் சிறைச்சாலை நினைவுக்கு வரவில்லை. அங்கே கைப்பேசி கிடையாது, இணையம் கிடையாது, சுவரில் ஒரு ரேடியோ, அவ்வளவுதான். அங்கே தையல் பிரிவில் வேலைசெய்யும் ஒருவர், “தையல்காரர்” என்று மட்டும் கையெழுத்துப் போட்டு, மகளுக்காக ஒரு பாட்டு என்று ஆறு வருஷமாக எனக்குத் தபால் அட்டை போட்டுவந்தார். எதற்காக உள்ளே போனார் என்று நான் கேட்டதில்லை. அந்த மகள் ஒரு மருந்துக்கடையில் வேலைபார்க்கிறாள். அப்பா உயிரோடு இல்லை என்று சொல்லித்தான் அவளுக்குக் கல்யாணமே நடந்தது, அதனால் அவளால் போய்ப் பார்க்கவும் முடியாது, கடிதம் போடவும் முடியாது. ஒருநாள் நிலையத்துக்கே வந்து என்னிடம் சொல்லி அழுதாள். அதன்பிறகு அவளும் “மருந்துக்கடை” என்ற பெயரில் எப்போதாவது இரண்டு வரி அனுப்புவாள், நான் வாசிப்பேன், அவர் கேட்பார். அப்பனுக்கும் மகளுக்கும் இருந்த ஒரே வழி அதுதான்.

மாற்றம் வந்த வாரமே சிறைக்குப் போய், நிகழ்ச்சியை உள்ளே ஒலிபரப்பச் சொல்லி மனு கொடுத்தேன். “உள்ள நெட் விட முடியாதும்மா, பென் டிரைவ்ல குடுங்க, மேல எழுதி அனுமதி கேக்கறோம், வந்துடும்” என்றார் அதிகாரி. நானும் இதோ வந்துவிடும், அதோ வந்துவிடும் என்று இருந்துவிட்டேன். ஐந்தாவது வாரம் அந்தப் பெண்ணிடமிருந்து நீளமாக ஒரு செய்தி. “அப்பா, எனக்கு இது ஆறாம் மாசம். உங்கமேல இருந்த கோபம் இப்ப இல்ல. பொறந்ததும் தூக்கிட்டு வந்து காட்டறேன், யார் என்ன சொன்னாலும் சரி.” அவள் அப்பா என்று எழுதியது அதுதான் முதல் தடவை. அவர் கேட்கமாட்டார் என்று தெரிந்தும் வாசித்தேன், அவளிடமும் உண்மையைச் சொல்லவில்லை. அனுமதி வந்ததும் எல்லாவற்றையும் சேர்த்துப் போட்டுவிடலாம் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். ஓர் அட்டையில் நாலு வரி எழுதி அவருக்குப் போட்டிருக்கலாம் அல்லவா, அது எனக்கு ஏன் தோன்றவில்லை என்று இன்றுவரை புரியவில்லை.

ஏழாவது வாரம் பழைய நிலையத்துக் காவலாளி, அங்கே குவிந்துகிடந்த தபாலைக் கொண்டுவந்து கொடுத்தார். அதில் அவருடைய அட்டைகள் மூன்று. “ரெண்டு வாரமா வேற ஏதோ வருது, உடம்பு சரியில்லையாம்மா?” என்று ஒன்று. அடுத்ததிலும் அதே கேள்வி. மூன்றாவதில் கையெழுத்தே கோணலாகிவிட்டது. “எம் பொண்ணு ஏதாச்சும் எழுதினாளா? ஒரு வரி போதும்.” கட்டிய புடவையோடு பஸ் ஏறினேன். என்னைப் பார்த்ததும் அதிகாரி எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார், அப்போதே விளங்கிவிட்டது. சிறை ஆஸ்பத்திரியில் இறந்து பதினோரு நாள் ஆகியிருந்தது. அவள் செய்தியை நான் வாசித்த நாலாம் நாள்.

மருந்துக்கடையில் கூட்டம் குறையும்வரை நின்று, நான் மறைத்ததையும் சேர்த்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கத்தவில்லை. கையிலிருந்த மாத்திரைக் கவரை மடித்துக்கொண்டே, “அப்ப நான் இத்தனை நாளா யாருகிட்டம்மா பேசிட்டிருந்தேன்?” என்றாள். யாரோ மருந்துச்சீட்டை நீட்டினார்கள், வாங்கிக்கொண்டு அலமாரிப் பக்கம் திரும்பிவிட்டாள்.

ஒரு வாரம் நிகழ்ச்சி செய்யவில்லை. இந்த வாரம் அப்பாவே போர்வையைக் கட்டிவிட்டு, “பேசு” என்றார், பேசினேன். அவளிடமிருந்து ஒன்றும் வரவில்லை, இனி வராது.

கண்ணா, வாராவாரம் நிகழ்ச்சிக்குக் கீழே நீ போடும் இதயப் படத்தைப் பார்க்கிறேன். அது போதாது. நீ அப்பாவோடு பேசி எட்டு மாதமாகிறது. யார் பக்கம் நியாயம் என்று நான் கேட்கவில்லை. அவரும் தினம் என்னிடம்தான் உன்னைப்பற்றி விசாரிக்கிறார், நானும் இங்கிருந்து அங்கே, அங்கிருந்து இங்கே என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். இனி என்னால் அது முடியாது. நான் எழுதுவது அவருக்குத் தெரியாது. சாயங்காலம் ஐந்து மணிக்குச் சும்மாதான் உட்கார்ந்திருப்பார், அவர் நம்பருக்கே கூப்பிடு.

மூன்று பேரும் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும்.

உன் அம்மா