இறங்காத கை

என் பிடிவாதக்காரனுக்கு,

நீ மாடுகளுக்குத் தீனி வைத்துவிட்டு வருவதற்குள் இதை உன் தட்டின் கீழ் வைத்துவிடுவேன். நேரில் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

பள்ளியில் இன்று பெற்றோர் கூட்டம். தலைமையாசிரியையாக வழக்கம்போல் பேசினேன்: குடும்பமாகச் சாப்பிடுங்கள், குடும்பமாக ஜெபியுங்கள். பிறகு, முடிவு ஜெபத்துக்காக, "எல்லாரும் தலை குனிஞ்சு கண்ணை மூடிக்கோங்க. குடும்பம் உடைஞ்சிடுமோன்னு பயப்படுறவங்க மட்டும் கையைத் தூக்குங்க. யாரும் பாக்க மாட்டாங்க" என்றேன்.

பார்ப்பவள் நான் ஒருத்திதான். சில கைகள் எழுந்தன. கடைசி வரிசையில் உன்னுடையது.

"பாத்துட்டேன், இறக்கிடுங்க."

மற்றவர்கள் இறக்கினார்கள். நீ இறக்கவில்லை. கண்ணையும் மூடவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். எந்த வசனத்தைச் சொல்லி ஜெபத்தை முடித்தேன் என்பதே நினைவில்லை.

கூட்டம் முடிந்து வெளியே வரும்போது, பிள்ளைகளின் அம்மாக்களில் ஒருத்தியான மார்லிஸ் ஹூக்ஸ்ட்ரா வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க வீடு மாதிரி எங்க வீடும் இருக்கணும்னு வேண்டிக்கிட்டேன்" என்றாள். சிரித்து வைத்தேன். வண்டியில் நீ வழியெல்லாம் மக்காச்சோள விலையைப் பற்றியே பேசினாய். நானும் ம் கொட்டினேன்.

பட்டாணி சூப் அடுப்பில் இருக்கிறது. இன்று சாப்பாட்டு ஜெபத்தை நான் தொடங்கப்போவதில்லை. நீ பேசு. நான் கண்ணை மூட மாட்டேன்.

இன்னமும்
உன் மனைவி