தறி நின்ற அரை மணி நேரம்

எடப்பாடி, செவ்வாய்க்கிழமை இரவு

பாடக்குறிப்பு எழுத வாங்கிய நோட்டு இது. இதில் என் கதையை எழுதுவது தப்புதான். இன்று ஒரு பக்கம் மட்டும் பொறுத்துக்கொள்ளட்டும்.

ஆங்கிலம் கற்பிக்கும் சான்றிதழ் கைக்கு வந்த பிறகு முதல் நேர்காணல் இன்று வீட்டிலிருந்தே வீடியோ அழைப்பில் நடந்தது. வியட்நாமில் சின்னப் பிள்ளைகள் படிக்கும் ஒரு பள்ளி. அப்பா எனக்காக வீட்டில் ஓடும் இரண்டு விசைத்தறிகளையும் நிறுத்திவிட்டு வாசலில் போய் உட்கார்ந்துகொண்டார்.

இலக்கணக் கேள்விகளுக்கெல்லாம் சரியாகவே பதில் சொன்னேன். பாதியில், கேள்வி கேட்ட அந்தப் பள்ளி அம்மா ஹெட்போனைக் கழற்றிவிட்டு, "என் மேல் கோபமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். எனக்குப் புரியவில்லை. "ஏன் கத்துகிறீர்கள்? குழந்தைகள் பயந்துவிடுவார்கள்" என்றார்.

வெளியில் என் குரல் எழும்பவே எழும்பாது. வீட்டில் மட்டும் தறிச் சத்தத்துக்கு மேலே கத்தித்தான் பழக்கம். தறி நின்றிருந்தது என் வாய்க்குத் தெரியவில்லை.

முடிந்ததும் அப்பா உள்ளே வந்தார். "என்னமா கணீர்னு பேசுன சாமி! முக்குக் கடை வரைக்கும் கேட்டுச்சாமா. எப்பப் பொறப்படோணும்?"

"சொல்லுவாங்கப்பா" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே போய்த் தறியை ஓட்டினார்.

சாயங்காலம் மின்னஞ்சல் வந்துவிட்டது. நான் வேண்டாமாம். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. கேட்க நினைத்ததையும் கேட்கவில்லை.

அப்பா, தினமும் ஒரு பத்து நிமிடம் தறியை நிறுத்துவீங்களா? நான் மெதுவாகப் பேசிப் பழக வேண்டும்.