'வலிக்குது' என்ற வார்த்தையை எடுத்துவிட்டார்கள், அக்கா

என் மாலா அக்கா,

நீ இருந்தவரைக்கும் உனக்கு நான் ஒரு கடிதம்கூட எழுதினதில்லை. எல்லாமே வாட்ஸ்அப் குரல்தான். இப்போது அனுப்பினால் ஒற்றை டிக்கோடு நின்றுவிடும் என்று தெரிந்து இதை எழுதுகிறேன். நாலு பேர் கண்ணில் படுகிற இடத்தில்தான் போடப்போகிறேன். படிக்கட்டும்.

ரூபிணி நல்லா இருக்கிறாள். அதை முதலில் சொல்லாவிட்டால் மற்றதை நீ காதில் வாங்கமாட்டாய். ஒன்பது வயதாகிவிட்டது. ஈஜோக் ரோட்டில் உன் மோட்டார் சைக்கிளில் கார் மோதின நாளிலிருந்து அவள் என்னோடு புக்கிட் செந்தோசாவில்தான் இருக்கிறாள். அத்தான் பழையபடி செம்பனைக் குலை லோரிதான் ஓட்டுகிறார், சனிக்கிழமை வந்து ஞாயிறுவரை மகளோடு இருந்துவிட்டுப் போகிறார். என் மகள் திவ்யாவும் ரூபிணியும் ஒரே அறை. சண்டைக்குக் குறைச்சலில்லை.

நல்ல சேதி அவ்வளவுதான். மீதி எல்லாம் அசிங்கமான சேதி. அதில் பாதி என்னைப் பற்றியது.

நீ அவளுக்குச் செய்து வைத்திருந்த பேசும் செயலி இருந்ததே, டேப்லட்டில். வாயசைத்தால் சொல் வராத பிள்ளைக்கு விரலால் பேச வழி செய்து வைத்திருந்தாய். ஒவ்வொரு பட்டனுக்கும் ஒரு படம், தொட்டால் உன் குரல். 'மீ கோரேங்' என்ற பட்டனில் நம்ம சந்திக் கடை நூடுல்ஸ் தட்டையே படம் பிடித்துப் போட்டிருந்தாய். 'முதுகு அரிக்குது', 'ஃபேன் போடு', 'நான் அதச் சொல்லல, நீ தப்பா புரிஞ்சிக்கிட்ட'. அவள் கை நடுங்கும் என்பதால், விரல் கொஞ்ச நேரம் அழுத்தி நின்றால்தான் பட்டன் பேசுகிற மாதிரி வைத்திருந்தாய். நீ அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்துச் சிரித்தவள் நான். 'இவ்வளவு வார்த்தை எதுக்குக்கா, பசி, தண்ணி, பாத்ரூம் போதாதா' என்று கேட்டேன். நீ நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. 'உனக்குப் போதுமா?' என்று மட்டும் கேட்டாய்.

காலையில் பள்ளியில் சிறப்பு வகுப்பு, மத்தியானம் ராவாங் பக்கம் ஒரு சென்டர் என்று அவளை அனுப்பினோம். கடை வரிசையில் கீழ்த்தளம், சுவரெல்லாம் வானவில். நடத்துகிற அம்மாவைப் பெரிய டீச்சர் என்பார்கள். நீ போய் ஒரு வருஷம் ஆனபோது அவர் என்னைக் கூப்பிட்டார்.

"சாந்தி, எல்லாப் பிள்ளைங்களுக்கும் ஒரே மாதிரி ஆப் வைக்கப் போறோம். ரூபிணியோடது ரொம்ப சீரா இல்ல. நாங்களே மாத்திக் குடுத்திடறோம் லா. இதுல சைன் பண்ணுங்க."

பண்ணினேன். படிக்காமல் பண்ணினேன். ஃபேக்டரி ஆபீஸுக்கு நேரமாகிவிட்டது என்ற ஒரே காரணத்துக்காக.

திரும்பி வந்த டேப்லட்டில் பன்னிரண்டு பட்டன் இருந்தன. எல்லாம் கார்ட்டூன் படம், எல்லாம் ஆங்கிலம். தேங்க் யூ, சாரி, பிளீஸ், ஐ ஆம் ஹேப்பி. ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் குரல். மாற்ற முடியாதபடி பாஸ்வர்ட் போட்டுப் பூட்டியிருந்தார்கள். சுத்தமாக, அழகாக இருக்கிறதே என்றுதான் நான் நினைத்தேன். சொல்லவே கூசுகிறது.

அன்றிலிருந்து ரூபிணி ஒரு காரியம் செய்தாள். திரையின் இடது மேல்மூலையில் ஒன்றுமே இல்லாத சாம்பல் இடம். அதையே அழுத்துவாள். விரல் வெளுக்கிற அளவுக்கு அழுத்திவிட்டு என் முகத்தைப் பார்ப்பாள். மறுபடி அழுத்துவாள். "அங்க ஒண்ணும் இல்ல குட்டி, இங்க பாரு, தேங்க் யூ" என்று அவள் விரலைப் பிடித்து நகர்த்திவிட்டேன். மூன்று நாள் அப்படியே செய்தேன்.

நாலாம் நாள் சாயங்காலம் குளிக்கவைக்க அவள் காலில் மாட்டுகிற பிளாஸ்டிக் ஸ்ப்ளின்டைக் கழற்றினேன். காலுறை கணுக்காலோடு ஒட்டிக்கொண்டிருந்தது. தண்ணீர் ஊற்றி ஊற வைத்துத்தான் எடுக்க முடிந்தது. கணுக்கால் எலும்பின் மேல் ஐம்பது காசு அகலத்துக்குத் தோல் இல்லை. உள்ளே சிவந்து, ஓரத்தில் சீழ். பிள்ளை வளர்ந்துவிட்டாள், ஸ்ப்ளின்ட் வளரவில்லை. காலையில் மாட்டுவது என் வீட்டுக்காரர், காலுறைக்கு மேலேயே மாட்டிவிடுவார். சாயங்காலம் கழற்றுவது திவ்யா. பள்ளிக் காலுறை கறுப்பு என்பதால் ஒருவர் கண்ணிலும் படவில்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நீ எப்போதோ அனுப்பின பழைய ஸ்கிரீன்ஷாட் ஒன்று என் போனில் இருந்தது. தேடி எடுத்தேன். இடது மேல்மூலையில் இருந்த பட்டன், 'வலிக்குது'.

மூன்று நாளாக அந்தப் பிள்ளை அந்த இடத்தில் கத்திக்கொண்டிருந்திருக்கிறாள், அக்கா. நான் விரலைப் பிடித்து 'தேங்க் யூ' சொல்லவைத்திருக்கிறேன்.

மறுநாள் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, அவளை ஆஸ்பத்திரியில் காட்டிக் கட்டுப் போட்டுக்கொண்டு, நேரே சென்டருக்குப் போனேன். பெரிய டீச்சர் சிரித்த முகத்தோடுதான் உட்காரச் சொன்னார்.

"வலிக்குதுன்னு ஒரு பட்டன் இருந்திச்சே டீச்சர், ஏன் எடுத்தீங்க?"

"தப்பா எடுத்துக்காதீங்க. உங்க அக்கா போட்டதுல நெகடிவ் வார்த்தை அதிகம். வேணாம், பிடிக்கல, வலிக்குது, போ. ஒரு நாளைக்கு நாப்பது தடவ வலிக்குது, வலிக்குதுன்னு அமுக்கிக்கிட்டே இருந்தா. மத்த பிள்ளைங்களுக்குத் தொந்தரவு. கவனத்துக்காகச் செய்யறாங்க இந்தப் பிள்ளைங்க."

"நாப்பது தடவ சொன்னாளே, ஒரு தடவ காலப் பாத்தீங்களா?"

கட்டுப் போட்ட காலைக் காட்டினேன். எட்டிப் பார்த்துவிட்டு, "இத வீட்டுல நீங்கதானே பாக்கணும்" என்றார்.

அந்த வார்த்தை நியாயம்தான். அதனால்தான் இன்னும் அருவருப்பாக இருந்தது. என் அசிங்கத்தை எடுத்துத் தன் அசிங்கத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அவ பழைய ஆப்பத் திருப்பிக் குடுங்க" என்றேன்.

"டிலீட் பண்ணியாச்சு. பேக்கப் எடுத்து வைக்கிற வழக்கம் இல்ல."

நாலு வருஷம் நீ பேசிப் பேசிச் சேர்த்தது போயிற்று. உன் கணக்கில் இருந்திருக்கலாம், அந்தப் பாஸ்வர்டு ரோட்டில் நொறுங்கின உன் போனோடு போய்விட்டது.

வீட்டுக்கு வந்து சென்டரின் ஃபேஸ்புக் பக்கத்தில் இருந்த வீடியோவை மறுபடி பார்த்தேன். டத்தோ பட்டம் வாங்கின யாரோ பெரிய மனிதர் வந்து மிட்டாய்ப் பை கொடுக்கிறார். ரூபிணி 'தேங்க் யூ' அழுத்துகிறாள், எல்லோரும் கை தட்டுகிறார்கள். இந்த முறை ஓரத்தைப் பார்த்தேன். உதவிக்கு நிற்கிற பெண் ரூபிணியின் மணிக்கட்டைப் பிடித்திருக்கிறாள். பிள்ளை கையை இழுக்கிறாள், அந்தப் பெண் பட்டனில் கொண்டுபோய் வைக்கிறாள். நாலு தடவை, படம் சரியாக விழும்வரைக்கும். ரூபிணி முகத்தில் ஒன்றுமில்லை. கீழே வரிசையாக இதயங்கள். அதில் ஒன்று நான் போட்டது.

அந்த வாரம் முழுக்க தேங்க் யூ என்று யார் சொன்னாலும் காறித் துப்பவேண்டும் போலிருந்தது. நன்றி சொல்லமட்டும் ஒரு பிள்ளைக்கு வாய் வைத்திருக்கிறார்கள் என்றால், அந்த வாய் யாருக்காக?

அத்தான் சனிக்கிழமை வந்தார். "வேற எங்க விடப்போற சாந்தி? பெரிய டீச்சரப் பகைச்சிக்காத லா" என்றார். நான் கட்டைப் பிரித்தேன். பார்த்தார். அப்புறம் லோரிச் சாவியை மேசையில் வைத்துவிட்டு, தரையில் அவள் காலடியில் உட்கார்ந்தார். "இனிமே அங்க போக வேணாம்" என்று அவரேதான் சொன்னார். என் வீட்டுக்காரருக்கு நைட் ஷிப்ட். மத்தியானத்தில் அவர் பார்த்துக்கொள்கிறார்.

செயலியை முதலிலிருந்து ஆரம்பித்தேன். சனி, ஞாயிறு, சமையல் மேசையில். அந்தப் பழைய ஸ்கிரீன்ஷாட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எது எங்கே இருந்ததோ அது அங்கேயே. ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி தருகிற பெண் சொன்னாள், "இடத்த மட்டும் மாத்தாதீங்கக்கா. அவ படத்தப் பாக்கல, கை தானா போகுது. நீங்க டைப் பண்ற மாதிரி." கீபோர்டில் யாரோ ஒருவர் எழுத்துகளைக் கலைத்துப் போட்டுவிட்டு, எனக்கு டைப் செய்யவே தெரியாது என்று முடிவு கட்டினால் எப்படி இருக்கும் என்று அன்றைக்கு யோசித்தேன்.

குரலுக்கு என்ன செய்வது? எனக்கு ஒரு யோசனை வந்தது. உன் பழைய வாட்ஸ்அப் குரல்களைக் கேட்டுக் கேட்டு வார்த்தைகளை வெட்டி எடுத்தேன். 'இங்க மழை, நீ வர வேணாம்' என்று நீ சொன்னதிலிருந்து 'வேணாம்' கிடைத்தது. இருபது வார்த்தை தேறின. எனக்கு ஒரே பெருமை.

ரூபிணி 'வேணாம்' அழுத்தினாள். உன் குரல் வந்தது. அவள் கழுத்து வாசல் பக்கம் திரும்பியது. மறுபடி அழுத்தினாள், மறுபடி வாசலைப் பார்த்தாள். கேட் பக்கம் மோட்டார் சத்தம் வருகிறதா என்று கேட்கிற பிள்ளை மாதிரி காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

உன் சாவுக்கு வந்த அத்தனை பேரும் அவளிடம் ஒன்றைத்தான் சொன்னோம். 'அம்மா வேலைக்குப் போயிருக்காங்க, வருவாங்க.' பாட்டுப் போட்டு அறைக்குள் வைத்துவிட்டோம், உன்னைத் தூக்கிப்போனதை அவள் பார்க்கவில்லை. அவளுக்கு என்ன தெரியும் என்று ஒருத்தி சொன்னாள், நானும் தலையாட்டினேன். எங்கே அம்மா என்று அவள் கேட்கவே இல்லை என்று நாங்கள் நிம்மதியாக இருந்தோம். கேட்க அவளிடம் பட்டன் இருந்ததா என்று ஒருவரும் பார்க்கவில்லை. சென்டர்க்காரர்கள் எடுத்தது சில வார்த்தைகளை. நாங்கள் கொடுக்கவே இல்லை. இதில் யாரைப் பார்த்து நான் முகம் சுளிப்பது?

அன்றைக்கே சொன்னேன். அத்தானும் பக்கத்தில் இருந்தார். "ரூபி, அம்மா இறந்துட்டாங்க. ரோட்டுல கார் மோதிடிச்சி. வரமாட்டாங்க. நாங்க பொய் சொல்லிட்டோம்." உன் படத்துக்குப் பக்கத்தில் 'இறந்துட்டாங்க' என்று ஒரு பட்டன் வைத்தேன். திவ்யாதான் குரல் கொடுத்தாள். உன் குரலை எல்லாம் எடுத்துத் தனியே சேமித்து வைத்துவிட்டேன். இப்போது செயலி முழுக்கத் திவ்யா குரல்தான், பத்து வயசுப் பிள்ளையின் குரல்.

ரூபிணி அந்தப் பட்டனை உடனே தொடவில்லை. மறு ஞாயிறு மத்தியானம் தானாக 'அம்மா' அழுத்தினாள். 'இறந்துட்டாங்க' அழுத்தினாள். அப்புறம் பக்கம் பக்கமாகப் புரட்டி எதையோ தேடினாள். இல்லை. திவ்யாவைப் பார்த்தாள், கையை நீட்டி அவள் வாயைத் தொட்டாள்.

"நான் சொல்ற வார்த்தையா?" என்று திவ்யா கேட்டாள். ஆமாம் என்றால் ரூபிணி கண்ணை மேலே தூக்குவாளே, தூக்கினாள். திவ்யா ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தாள். கடைசியில் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு மெதுவாக, "போடோவா?" என்றாள்.

கண் மேலே போனது.

மலாயில் முட்டாள் என்று திட்டுகிற வார்த்தை. இரண்டு பேரும் சண்டை போடும்போது திவ்யா அதைச் சொல்லி என்னிடம் அடி வாங்கியிருக்கிறாள். "அதெல்லாம் கூடாது. அம்மாவப் போய் அப்படிச் சொல்வாங்களா?" என்று டேப்லட்டை என் பக்கம் இழுத்தேன்.

ரூபிணி அழவில்லை. கையைப் பின்னால் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். முகத்தில் ஒன்றுமில்லை. அந்த வீடியோவில் இருந்த அதே முகம், இந்த முறை என் வீட்டில், என்னால்.

ஐந்து நிமிஷத்தில் பட்டன் தயாராகிவிட்டது. படத்துக்கு திவ்யா நாக்கை நீட்டிக்கொண்டு நின்றாள். டேப்லட்டைத் திரும்ப அவள் முன்னால் வைத்தேன்.

'அம்மா.' 'இறந்துட்டாங்க.' 'போடோ.'

மறுபடி, 'அம்மா. போடோ.' எத்தனை தடவை என்று நான் எண்ணவில்லை. பிறகு உடம்பு குலுங்கக் குலுங்க அழுதாள், நீ போனதற்கு முதல் தடவையாக. அத்தான் அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். அவர் தோளுக்கு மேலிருந்தே ஒரு கை டேப்லட்டுக்கு நீண்டது. திவ்யா அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கேட்டுக்கொள், அக்கா. உன் மகள் உன்னைத் திட்டுகிறாள். அவளை விட்டுவிட்டுப் போனதற்கு, ஒரு வார்த்தை சொல்லாமல் போனதற்கு. இவ்வளவு காலம் அதைச் சொல்ல நாங்கள் யாரும் அவளுக்கு இடம் கொடுக்கவில்லை.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். இனி எந்த வார்த்தையையும் அவளைக் கேட்காமல் யாரும் எடுக்கமாட்டார்கள். எனக்குக் கேட்கப் பிடிக்காத வார்த்தையைத்தான் முதலில் போடுவேன். நாளைக்கு அவள் என்னையும் போடோ என்பாள். சொல்லட்டும், அது எனக்கு வேண்டியதுதான்.

உன் கூடப்பிறந்தவள்,
ரூபிணியின் சின்னம்மா,
சாந்தி