மூன்றாம் பொருளுக்கு ஒரு வாக்கியம்

பெங்களூர்
8.8.2004

பொன்மணிக்கு,

நலம். தாயில்பட்டியில் மாமாவும் அத்தையும் நீயும் நலம்தானே.

கிரேக்க-தமிழ் அகராதியின் அடுத்த கட்டு இத்துடன். நீ வேலை பார்க்கும் சிவகாசி அச்சகத்துக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே, நான் எழுதுவதை நீ முதலில் படிக்க வேண்டும் என்பதற்காகத்தான்.

இந்த மாதம் எனக்கு வாய்த்த சொல் 'திராக்குஸ்'. சொரசொரப்பான. அவ்வளவுதான் என்று நினைத்தேன். கல் நிறைந்த தரை, கப்பல் தட்டி நிற்கும் கடலடி. அடங்காத குதிரையின் வாயில் போடும் கடிவாளம். கரகரத்த குரல். இளகாத மனம். மூச்சுக்குழலுக்கும் பழைய வைத்தியர்கள் 'சொரசொரப்பான குழாய்' என்றே பேர் வைத்திருக்கிறார்கள். அதன் மேல் வளையம் வளையமாக இருக்கிறது. ஒவ்வொரு மூச்சும் இந்தச் சொல்லின் வழியாகத்தான்.

ஒவ்வொரு பொருளுக்கும் கீழே நாங்களே ஒரு தமிழ் வாக்கியம் எழுத வேண்டும். முதல் பொருளைப் பார். "மழிக்காத கன்னத்தை அவள் தீப்பெட்டியின் உரசும் பக்கம் என்றாள்." நீ சொன்னதுதான். கல்யாணமான வாரம்.

இங்கே ஒரு அறையும் சமையலறையும் பார்த்திருக்கிறேன். அகராதி முடிகிறது. தீபாவளிக்கு வருகிறேன். திரும்பும்போது நீயும்.

உன் கடிதங்கள் சிறுத்துக்கொண்டே வருகின்றன. கவனித்தாயா?

செழியன்


சிவகாசி
17.8.2004

அன்புள்ள மச்சானுக்கு,

அறை பார்த்ததைக் கேட்டு அம்மா பாத்திரம் எடுத்து வைக்க ஆரம்பித்துவிட்டாள். அப்பாவுக்குப் பட்டாசுக் கம்பெனியில் சீசன் வேலை. உங்கள் சொல்லை அவரிடம் சொன்னேன். "மருந்து ரூமுக்குள்ள போகுமுன்ன காலைக் கழுவிட்டுப் போறது அதுக்குத்தான். ஒட்டுன மணல் உரசுனாப் போதும், மருந்து பத்திக்கும்" என்றார்.

கடிதம் சிறுத்ததற்குக் காரணம் வேலை. எனக்குப் படித்துக் காட்டும் வள்ளித்தாய் அக்காவைக் காலண்டர் பக்கம் மாற்றிவிட்டார்கள். ஒருவர் மூலத்தை உரக்கப் படிக்காமல் நான் அச்சுப்படியைச் சரிபார்க்க முடியாது. அதனால் சின்ன முதலாளி மணிகண்டராஜே எதிரில் உட்கார்ந்து படிக்கிறார். கிரேக்க எழுத்துகளை ஒரு அட்டையில் எழுதி வைத்துப் பழகிக்கொண்டார். ஒரு நிறுத்தக்குறியையும் விடுவதில்லை. "விரைவான கமா வேகமான முற்றுப்புள்ளி." சிரிக்காமல் வேலை பார்ப்பது கஷ்டமாக இருக்கிறது. மிஷின் சத்தத்தில் கத்திக் கத்தி அவர் தொண்டை போய்விட்டது. உங்கள் சொல்லை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, "ஏம்மா, உங்க வீட்டுக்காரரு என் தொண்டைக்குன்னே ஒரு சொல்லக் கண்டுபிடிச்சிட்டாரு போலயே" என்றார்.

அந்தப் பக்கத்தை நாளை படிக்கிறோம். ஒரு அச்சுப்படி உங்களுக்கும் இத்துடன் வைத்திருக்கிறேன். திருத்தம் இருந்தால் அடித்து, கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

பொன்மணி


பெங்களூர்
21.8.2004

பொன்மணி,

இதுவரை 'சின்ன முதலாளி' மட்டும் இருந்தார். இப்போது அவருக்குப் பெயர் வந்திருக்கிறது.

மழிக்காத கன்னத்தை. அதையும் படித்தானா? உன் எதிரில் உட்கார்ந்து? அந்தத் தொண்டையால்? முற்றுப்புள்ளி சொன்னானா? நீ அச்சுப்படியைப் பார்த்தாயா, அவனைப் பார்த்தாயா?

நம் அறைக்குள் ஒருவன் வந்து போயிருக்கிறான். கதவைத் திறந்தது நான்தான். தெரிகிறது. தெரிந்து என்ன?

சிரித்தோம் என்று நீ எழுதவில்லை. சிரிக்காமல் இருப்பது கஷ்டம் என்று எழுதியிருக்கிறாய். அது இன்னும் மோசம்.

அந்த வாக்கியத்தை எடுத்துவிடு. அடித்து, கையெழுத்துப் போட்டிருக்கிறேன். பக்கம் முழுவதையும் இரண்டு முறை படித்தேன். மற்றதெல்லாம் அப்படியே நிற்கட்டும்.

செழியன்


சிவகாசி
28.8.2004

மச்சானுக்கு,

திருத்தம் வந்தது.

கேட்டதற்குப் பதில். அவர் அந்த வாக்கியத்தைப் படிக்கவில்லை. அதன் முன்னால் நிறுத்தினார். எழுந்தார். "இத நீங்களே மனசுக்குள்ள படிச்சிக்கோங்க தங்கச்சி" என்று சொல்லிவிட்டு மிஷின் பக்கம் போனார். நான் படித்துப் பார்த்தேன். பிழை இல்லை. அவர் திரும்பி வந்து அடுத்ததிலிருந்து தொடர்ந்தார்.

மூன்றாம் பொருளை முழுதாகப் படித்தார். குரலைப் பற்றியது. "காய்ச்சல் கண்ட அவள் குரல் விடியும்வரை கரகரத்தது முற்றுப்புள்ளி."

படித்துவிட்டு நிமிர்ந்தார். "இப்பக் காய்ச்சல் தேவலையா தங்கச்சி?"

கல்யாணமான நாளிலிருந்து எனக்குக் காய்ச்சலே வந்ததில்லை. அதை அவரிடம் சொல்ல முடியவில்லை.

"தேவலை அண்ணாச்சி" என்றேன்.

யாருக்குக் காய்ச்சல், மச்சான்? விடியும்வரை என்று எழுத, விடியும்வரை கேட்டிருக்க வேண்டும்.

நீங்கள் அடித்ததால் பக்கத்தில் ஒரு வரி குறைகிறது. கீழே உள்ளதெல்லாம் மேலே ஏறும். பின்னால் வரும் பக்கங்களும் குலையும். அதே நீளத்தில் ஒரு வாக்கியம் அனுப்புங்கள். ஆறாம் தேதி திங்கட்கிழமை அச்சுக்குப் பிளேட் போடுகிறார்கள்.

பொன்மணி


பெங்களூர்
1.9.2004

பொன்மணி,

அது வெறும் உதாரணம். உதாரணத்துக்கு ஆள் தேவையில்லை. குரல் என்றால் காய்ச்சல் என்று எழுதத் தோன்றியது. எங்கள் ஆபீஸில் தட்டச்சு செய்யும் ரோஜாவுக்குப் போன மாதம் சுகமில்லாமல் இருந்தது, அது காதில் இருந்திருக்கலாம். அவ்வளவுதான். இதைப் போய்ப் பெரிதாக்குகிறாய்.

நான் கேட்டதற்கு நீ பதில் சொல்லவில்லை. படிக்காமல் எழுந்து போகிற ஒருவன் படித்ததைவிட அதிகம் சொல்லிவிட்டான். அவன் போனபிறகு நீ தனியாக அந்த வாக்கியத்தைப் படித்தாய். எந்தக் குரலில்?

மாற்று வாக்கியம் வரவில்லை. உட்கார்ந்து பார்த்தேன். நீயே ஏதாவது போட்டுவிடு.

செழியன்


சிவகாசி
7.9.2004

செழியன் மச்சானுக்கு,

முதல் பொருளுக்கு ஒரு ஆள் இருந்தாள். மூன்றாம் பொருளுக்கு மட்டும் தேவையில்லை என்கிறீர்கள்.

பக்கம் முழுவதையும் இரண்டு முறை படித்தேன் என்று எழுதியிருந்தீர்கள். இரண்டு முறை படித்து, என்னை எடுத்தீர்கள். அவளை நிற்க விட்டீர்கள். அந்தத் திருத்தம் உங்கள் கையெழுத்தோடு இங்கே இருக்கிறது. எனக்கு வேறு எதையும் நீங்கள் விளக்க வேண்டாம்.

எந்தக் குரலில் படித்தேன் என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் குரலில்தான். வேறு யாருடையதும் எனக்குத் தெரியாது.

காய்ச்சல் வாக்கியத்தை நான் தொடவில்லை. கையெழுத்தில்லாமல் எதையும் எடுக்கக் கூடாது. அதை எடுக்கச் சொல்லி உங்கள் கடைசிக் கடிதத்திலும் இல்லை.

குறைந்த வரிக்கு, போடச் சொன்னதால், ஒன்று போட்டேன். "தாயில்பட்டிச் சாலை இன்னும் சொரசொரப்பாகத்தான் இருக்கிறது." நீளம் சரியாக வந்தது. தினமும் நான் வேலைக்கு பஸ்ஸில் வந்து போகும் சாலை. மணிகண்டராஜ் அண்ணாச்சி உரக்கப் படித்தார். பிழை இல்லை.

பிளேட் போட்டாயிற்று.

எடுத்து வைத்த பாத்திரங்களை அம்மா திரும்ப அடுக்குகிறாள். ஏன் என்று அவள் கேட்கவில்லை. காலண்டர் வேலைக்கு இருக்கிறேன் என்று அச்சகத்தில் சொல்லிவிட்டேன். அடுத்த சீசனுக்கும்.

தீபாவளிக்கு பஸ்ஸில் இடம் கிடைக்காது. அலைய வேண்டாம்.

புத்தகம் முடிந்ததும் உங்களுக்குரிய பிரதிகளை ஆபீஸ் விலாசத்துக்கே அனுப்பிவிடுவார்கள்.

பொன்மணி