ரவிக்கான இரண்டாவது பாட்டு

மார்ச் 4, செவ்வாய்

காலை வெப்பநிலை மூன்று பாகை. தூறல். நேற்றைய கார்னிவல் ஊர்வலத்தின் காகிதத் துணுக்குகள் நடைபாதையில் கூழாகிக் கிடக்கின்றன.

இன்று:
1. நீதிமன்றத்துக்கு அறிவித்தல். 11ஆம் தேதி விசாரணைக்கு வர இயலாது. வேறு மொழிபெயர்ப்பாளரை அழைக்கவும்.
2. கறுப்புச் சப்பாத்து. பொலிஷ் முடிந்துவிட்டது.
3. இறுதிச் சடங்கு நிறுவனத்துக்குக் கடிதம். கண்டிப்பாக இன்றே.

ரவி இறந்து இரண்டு நாள். ஞாயிறு காலை, பஸ் டிப்போவில், முதல் ஓட்டத்துக்கு ஏறுமுன். மாரடைப்பு. ஐம்பத்தைந்து வயது. என்னிலும் ஒன்று குறைவு.

மூன்றாவதைப் பற்றி. அடுத்த செவ்வாய் சடங்கு மண்டபத்தில் இரண்டு பாட்டுகள் ஒலிக்கலாமாம். ரவியின் மனைவி வசந்தி தந்த பட்டியல்: முதலாவது தேவாரம், இரண்டாவது ரவியின் ஜப்பானியப் பாட்டு. அச்சிடப்போகும் நிகழ்ச்சித் தாளின் மாதிரியை நிறுவனப் பெண் எனக்கு அனுப்பியிருந்தார். ஜப்பானியத் தலைப்பின் கீழே, அடைப்புக்குறிக்குள், ஜெர்மனில்: "இஷ் கேஹெ." நான் போகிறேன்.

எங்கோ ஓர் இணையத்தளத்தில் எடுத்தாராம். தொலைபேசியில் கேட்டேன். "அர்த்தம் ஏறக்குறைய அதுதானே," என்றார். ஏறக்குறைய. இருபத்திரண்டு ஆண்டுகளாக நீதிமன்றங்களிலும் அகதி விசாரணைகளிலும் சத்தியம் செய்து மொழிபெயர்க்கிறவன் நான். "ஏறக்குறைய" என்ற சொல்லால் திருப்பி அனுப்பப்பட்டவர்களை எனக்குப் பெயர் பெயராகத் தெரியும்.

கடிதம் ஒன்றரைப் பக்கம். அனுப்பியாயிற்று.

மார்ச் 5, புதன்

பதில் வந்தது. மூன்று வரி. "உங்கள் துயரில் பங்குகொள்கிறோம்." திருத்தம் பற்றி ஒரு சொல் இல்லை.

எனக்காக எழுதி வைக்கிறேன். அந்த ஜப்பானியப் பாட்டுக் குழுவின் நால்வரும் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளாக ஒன்றாக வாசிக்கிறார்கள். உலகத்தைப் புரட்டுகிற பாட்டெல்லாம் இல்லை. சைக்கிள் சங்கிலி கழன்றதைப் பற்றி ஒன்று. குடையை ரயிலில் விட்டதைப் பற்றி ஒன்று. கிட்டார் மட்டும் கூரையைப் பிய்க்கும். ரவி இருந்த கெல்சென்கிர்ச்சன் ஹைமில், அறைக்கு நான்கு பேராக அகதிகளை அடைத்து வைத்திருந்த காலத்தில், பல்கலைக்கழகத்தில் என்னோடு மொழியியல் படித்த ஜப்பானிய மாணவி ஒருத்தி தந்த பாட்டுக் கசெற். ரவிக்கு ஒரு சொல்லும் விளங்காது. எனக்கும் அப்போது விளங்காது. நான் ஜப்பானிய மொழி படித்ததே அந்தக் கசெற்றால்தான்.

ரவியின் பாட்டு இது: ஒருவன் வாசலில் குனிந்து சப்பாத்துக் கட்டுகிறான். உள்ளே தண்ணீர் ஓடும் சத்தம். அவன் சொல்கிறான்: "இத்தெகிமாஸ்." ஜப்பானியர் வீட்டை விட்டு வெளிக்கிடும்போது நாளாந்தம் சொல்லும் சொல். இத்தெ, போய். கிமாஸ், வருகிறேன். எச்சமும் வினைமுற்றும் அதே வரிசையில். ஜெர்மனால் இது ஏலாது. தமிழால் ஏலும்: போய்விட்டு வருகிறேன். எங்கள் வாயில், போட்டு வாறன்.

அதை நான் விளக்கிய அன்று ரவி கட்டிலில் இருந்து சிரித்த சிரிப்பு. "உவங்கள் எங்கடை ஆக்களடா."

வீட்டில் இருப்பவர் அதற்குப் பதில் சொல்லவேண்டும். "போட்டு வாங்கோ" என்பதைப் போல. பாட்டில் அந்தப் பதில் இல்லை. சொல்ல வேண்டிய இடத்தில் நால்வரும் கையை எடுத்துவிடுவார்கள். இரண்டு விநாடி வெறும் நிசப்தம். பிறகு பறை அறைந்தாற்போல் டிரம்ஸ். ஹைமில் அந்த இரண்டு விநாடியை ரவிதான் நிரப்புவான்.

"இஷ் கேஹெ" இதில் எங்கே?

மார்ச் 6, வியாழன்

வெயில். அநியாயமான வெயில்.

வசந்தி வீடு. இடியப்பப் பெட்டிகள் மூன்று குடும்பங்களிலிருந்து; சாப்பிட ஆளில்லை. அவள் என்னைக் குசினிக்குள் கூப்பிட்டு, குழாயைத் திறந்துவிட்டுச் சொன்னாள், வரவேற்பறைக்குக் கேளாமல் இருக்க.

ஞாயிறு காலை அவள் குளியலறையில் இருந்திருக்கிறாள். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. வெளியே ரவியின் குரல் கேட்டது.

"'போட்டு வாறன்' எண்டவர், அண்ணை. எனக்கு வடிவாக் கேட்டது. ஈரத்தோடை நிக்கிறன், பிறகு கதைப்பம் எண்டு நான் ஒண்டும் சொல்லேல்லை."

குழாயை மூடினாள். அந்தப் பாட்டு வேண்டும் என்றாள்.

மார்ச் 8, சனி

என் மடமையை இங்கே முழுமையாகப் பதிய வேண்டும்.

பத்துப் பேர் வசந்தி வீட்டு வரவேற்பறையில். ரவியின் தமையன் சிவபாலன் அண்ணை டோர்ட்மண்டிலிருந்து வந்து கதிரையில் அமர்ந்திருந்தார். கொப்பியில் எல்லாம் எழுதி வைத்திருந்தார்: ஐயருக்கு நேரம், பூ, வாகனம். மண்டபம் நாற்பது நிமிடம்தான். டேர்மின், குறித்த நேரம், தப்பினால் அடுத்த பிணத்துக்காரர் வாசலில் நிற்பார்கள் என்று இரண்டு தரம் சொன்னார். ஒழுங்கான மனிதர். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

நிகழ்ச்சித் தாள் கைமாறியது. "இஷ் கேஹெ" இன்னும் இருந்தது. யாரோ சிரித்தார்: ஜப்பான்காரன்ரை கத்தலோ கடைசியிலை. அண்ணை அதைக் கூடப் பொருட்படுத்தவில்லை. தம்பிக்குப் பிடித்த பாட்டு, இருந்துவிட்டுப் போகட்டும் என்றார். அத்தோடு முடிந்திருக்கும். பாட்டு நிலைத்திருக்கும்.

நான் எழுந்தேன். மொழிபெயர்ப்புப் பிழை என்றேன். எச்சம், வினைமுற்று, எல்லாம் விளக்கினேன். இது வெறும் கத்தல் அல்ல, எங்கள் வாய்ச்சொல்லேதான் என்று நிறுவினேன். நிறுவிய திருப்தியோடு அமர்ந்தேன்.

அண்ணை பேனாவை மூடினார்.

"தம்பி, இன்னொருக்காச் சொல்லும். என்னண்டு பாடுறான்?"

"போட்டு வாறன் எண்டு."

"செத்த வீட்டிலையோ?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஐம்பத்தாறு வயதுக்காரன், யாழ்ப்பாணத்தான், மரணவீடு நூறு கண்டவன். அங்கிருந்து வெளிக்கிடும்போது யாரும் போட்டு வாறன் என்பதில்லை. பேசாமல் எழுந்து, பேசாமல் சப்பாத்தை மாட்டிக்கொண்டு போவோம். "வாறன்" என்றால் இன்னொரு சாவுக்கு வருவதாகப் பொருள். அந்த வழக்கத்தை நான் ஒருநாளும் மீறியதில்லை. அதே சொல்லை, சவப்பெட்டியின் தலைமாட்டில், ஒலிபெருக்கியில், நால்வரைக் கொண்டு சொல்லுவிக்கப் பத்துப் பேர் முன்னால் வாதாடியிருக்கிறேன்.

"ஜப்பான் பாசையிலைதானே, அண்ணை. ஆருக்கு விளங்கப்போகுது?" என்றேன். கேவலமான வாதம்.

"இப்ப எல்லாருக்கும் விளங்குமே. நீர்தானே விளங்கப்படுத்தினனீர்."

யாரோ இருமினார். அண்ணை கொப்பியில் அந்தப் பாட்டின் மேல் ஒரு கோடு இழுத்தார். வசந்தி கதவு நிலையைப் பிடித்தபடி நின்றாள், என்னைப் பார்க்கவில்லை.

அண்ணையின் மீது கோபம். மூட வழக்கம், கொப்பி, கோடு. நிறுவனப் பெண்ணின் மீது கோபம் இன்னும் அதிகம். அவரது பிழையான மொழிபெயர்ப்புத்தான் அந்தப் பாட்டைக் காப்பாற்றி வைத்திருந்தது என்பதால். சரியானது அதைக் கொன்றது. யாருடையது சரியானது என்று எழுத வேண்டியதில்லை.

மார்ச் 10, திங்கள்

மழை. பொலிஷ் வாங்கியாயிற்று. வெள்ளைச் சேட்டுக் காலரில் மஞ்சள். மறுபடி தோய்க்க வேண்டும்.

காலை பத்து மணிக்கு வசந்தி தொலைபேசியில். குரல் ஒழுங்காக இருந்தது. தாளில் அதே இரண்டாவது பாட்டைத் திரும்பவும் போட்டுவிட்டாளாம். தலைப்பு இல்லை; "இசை" என்று மட்டும். பெரியத்தான் சிவபாலனுக்கும் சொல்லிவிட்டாளாம், அதே குழுவின் வேறு பாட்டு, சைக்கிளைப் பற்றியது என்று. வேறையெண்டால் சரி என்றாராம்.

"அவருக்கு ஜப்பான் பாட்டெல்லாம் ஒண்டுதான், அண்ணை. ஆனா மண்டபத்திலை உங்களைத்தான் கேப்பார்."

நான் என்ன சொல்லவேண்டும் என்கிறாய் என்று கேட்டேன்.

"அது உங்கடை விருப்பம்."

கோபம் வந்தது, இந்த முறை அவள் மீது. பொய் மொழிபெயர்ப்புக்கு என்னைக் கேட்கிறாள். விசாரணை அறைகளில் அழுதுகொண்டே கேட்டிருக்கிறார்கள், இதை மட்டும் கொஞ்சம் மாத்திச் சொல்லுங்கோ என்று. ஒருமுறையும் செய்யவில்லை. அதற்காக இரண்டு பேர் இன்னும் என்னோடு கதைப்பதில்லை. இயலாது என்று அவளிடம் சொன்னேன். முழு வாக்கியமாக, காரணத்தோடு சொன்னேன்.

அவள், "சரி, அண்ணை. நாளைக்கு நேரத்தோடை வாங்கோ," என்று வைத்துவிட்டாள்.

மதியம் அந்தப் பாட்டை இரண்டு தரம் கேட்டேன். நிசப்தத்தை அளந்தேன். இரண்டு விநாடி அல்ல, இரண்டேகால்.

மார்ச் 11, செவ்வாய்

உலர்ந்த குளிர். மண்டபத்தில் சூடாக்கி வேலை செய்யவில்லை. நாற்பது நிமிடமும் மேலங்கியோடு.

பஸ் டிப்போவிலிருந்து எட்டு சாரதிகள், சீருடையில். ஐயர் முடித்தார். தேவாரம். சிவபாலன் அண்ணை என் பக்கத்துக் கதிரையில், முதல் வரிசையில். அவருக்கு அப்பால் வசந்தி. அண்ணையின் கையில் தாள், "இசை" என்ற சொல்லின் மேல் பெருவிரல்.

கிட்டார். நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன்.

இரண்டாவது சரணத்தில் அண்ணை என் காதுக்குக் குனிந்தார்.

"தம்பி, இது அதில்லைத்தானே?"

"இல்லை."

"என்ன சொல்லுறான்?"

"'போறன்' எண்டு. அவ்வளவுதான்."

அவர் தலையாட்டினார். அப்போது நால்வரும் கையை எடுத்தார்கள். வெறும் நிசப்தம். அதற்குள், உரத்தும் அல்ல, முணுமுணுத்தும் அல்ல, குசினியிலிருந்து வாசலுக்குச் சொல்கிற அளவில், வசந்தி சொன்னாள்:

"போட்டு வாங்கோ."

டிரம்ஸ். சாரதி ஒருவர் திடுக்கிட்டார்.

அண்ணை நெடுநேரம் சவப்பெட்டியைப் பார்த்திருந்தார். பாட்டு முடிந்து கதிரைகள் இழுபடத் தொடங்கியபின் என்னைக் கேட்டார், நீர் சொன்னது சரியான மொழிபெயர்ப்புத்தானோ என்று. சரிதான் என்றேன்.

"சத்தியமா?"

"ஓம், அண்ணை."

அவர் தாளை நான்காக மடித்துச் சேட்டுப் பையில் வைத்தார். பிறகு எல்லோரும் எழுந்து, யாரும் யாரிடமும் ஒன்றும் சொல்லாமல், வெளியே வந்தோம்.